திரைப்படங்களில் தலைமைத்துவம்: கதைச் சுருக்கத்தைத் தாண்டி ஆராய்வது எப்படி?

கடற்கரை வீதி கேட்டது:

வணக்கம். வெள்ளவத்தையில் உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் திரைப்பட வகுப்பு ஒன்று நடக்கிறது. அடுத்த நான்கு கிழமைக்கு எடுத்திருக்கிற தலைப்பு, படங்களில் தலைமைத்துவம் எப்படிக் காட்டப்படுகிறது என்பது. ஒரு வகுப்பு 2 மணித்தியாலம். 18 பேர், ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர்.

எழுதித் தருவதில் பாதி கதைச் சுருக்கம். மீதி, "துணிச்சலானவர், தன்னலமற்றவர், மக்களோடு மக்களாக நின்றவர்" என்ற பண்புப் பட்டியல். படத்தைப் பார்க்காமலே எழுதக்கூடிய வசனங்கள் இவை.

எந்தப் படங்களை எடுக்கலாம்? முழுப்படம் போடுவதா, காட்சிகளா? எதைக் குறிப்பெடுக்கச் சொல்வது? முகாமைத்துவப் பாடத்தில் வருகிற கோட்பாடுகளை முதலிலேயே சொல்லிக் கொடுக்கலாமா? தமிழ்ப் படம் போட்டால் வகுப்பில் பேச்சு நடிகரைச் சுற்றியே ஓடிவிடுகிறது. அதற்கு என்ன வழி?

மூன்றாம் வரிசை எழுதியது:

முழுப்படத்தை வீட்டில் பார்த்துவிட்டு வரட்டும். வகுப்பில் மூன்று காட்சிகள் காணும், எல்லாம் சேர்த்து 12 நிமிடத்துக்குள். எந்த மூன்று என்பதில்தான் வகுப்பே நிற்கிறது. பொதுவாக எல்லோரும் கூட்டத்தின் முன் உரையாற்றுகிற காட்சியைப் பிடித்துக்கொள்வார்கள். அங்கே படம் தான் நினைப்பதை வாய்விட்டே சொல்லிவிடுகிறது, தோண்டி எடுக்க அதிகம் இராது. நான் சொல்வது: அந்த ஆள் முதன்முதலாகத் திரைக்கு வருகிற காட்சி; மற்றவர்கள் மறுக்கும்போது ஒரு முடிவு எடுக்கிற காட்சி; அந்த முடிவின் விலையை யாரோ கொடுக்கிற காட்சி. மூன்றாவதைத் தேடவே மறந்துபோகிறோம். படத்துக்குத் தலைவரைப் பற்றி என்ன அபிப்பிராயம் என்பது பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

குறிப்புக்கு ஒரு ஏ4 தாளைக் குறுக்காக வைத்து ஆறு நிரல் போடுங்கள். ஷொட் (ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரையான துண்டு) இலக்கம், யார் கதைக்கிறார், கமரா யாரைப் பார்க்கிறது, சட்டகத்துக்குள் இருக்கிற மற்றவர்களின் கண் எங்கே இருக்கிறது, யார் அசைகிறார் யார் அசையவில்லை, முடிவில் யார் நினைத்தது நடந்தது. கதைக்கிறவர் ஒருவராகவும் கமரா பார்ப்பது வேறொருவராகவும் வருகிற வரிகளுக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். எழுதுவதற்கான விஷயம் அந்த வரிகளில் இருக்கும்.

முதல் தடவை சத்தமில்லாமல் போடுங்கள். இரண்டாம் தடவை திரையை மறைத்துச் சத்தம் மட்டும். பின்னணி இசை யாருக்காக எழும்புகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்பது அப்போதுதான் காதில் விழும். மூன்றாம் தடவை இரண்டும் சேர, தாளை நிரப்பிக்கொண்டு. 4 நிமிடக் காட்சிக்கு இந்த முறையில் 35 முதல் 40 நிமிடம் பிடிக்கும். ஆகவே 2 மணித்தியாலத்தில் இரண்டு காட்சியைத்தான் முழுதாகச் செய்யலாம், மூன்றாவதைக் கதைத்து முடிக்க வேண்டியதுதான்.

பிழைக்கிற இடம் ஒன்று: சண்டைக் காட்சி, துரத்தல் காட்சி கொடுத்தால் 4 நிமிடத்தில் நூறு வெட்டு வரும், பிள்ளைகள் பத்தாவது ஷொட்டிலேயே தாளை விட்டுவிடுவார்கள். 30 ஷொட்டுக்கு மேல் போகாத காட்சியாகப் பாருங்கள்.

தொடங்குவதற்கு 1957இல் வந்த 'ட்வெல்வ் அங்ரி மென்' நல்லது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையன் குற்றவாளியா என்று பன்னிரண்டு ஜூரர்கள், அதாவது தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் அழைத்த பொதுமக்கள், கூடி முடிவெடுக்கிற கதை. 96 நிமிடம், ஏறத்தாழ முழுவதும் ஒரே அறை. அந்த அறையில் இரண்டு தலைமை இருக்கிறது. மேசைத் தலைப்பில் இருக்கிற 1ஆம் ஜூரர் பதவியால் தலைவர். வாக்கெடுப்பது, எண்ணுவது, ஒழுங்கைப் பார்ப்பது அவர் வேலை. ஒருவர் குறை சொன்னதும், "அப்படியென்றால் நீங்களே வந்து நடத்துங்கள்" என்று இடத்தை விட்டுக்கொடுக்கப் பார்க்கிறார். 8ஆம் ஜூரருக்குப் பதவி ஒன்றும் இல்லை. மற்றவர்கள் அமரும்போதும் அவர் யன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார், கூப்பிட்டுத்தான் வரவேண்டியிருக்கிறது. தலைவராக வரப்போகிறவரைக் கூட்டத்துக்கு முதுகு காட்டியபடி நிறுத்திவைத்திருக்கிறது படம். சத்தமில்லாமல் போட்டால் இதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

முடிவுக் காட்சியாக இரகசிய வாக்கெடுப்பை எடுங்கள். முதல் வாக்கு 11க்கு 1. பையன் நிரபராதி என்று 8ஆம் ஜூரர் ஒரு தடவையும் அடித்துச் சொல்லவில்லை. தெரியாது, கதைத்துப் பார்ப்போம் என்கிறார். பிறகு, மற்றப் பதினொரு பேரும் எழுதி வாக்களிக்கட்டும், நான் விலகி நிற்கிறேன், பதினொன்றும் குற்றவாளி என்றே வந்தால் நானும் சேர்ந்துகொள்கிறேன் என்கிறார். ஆபத்து ஆகக் கூடிய இடத்தில் கையிலிருந்த ஒரே பலத்தையும் கீழே வைக்கிறார். ஒரு வாக்கு மாறிவருகிறது. மாற்றியவர் 9ஆம் ஜூரரான முதியவர். தனித்து நிற்பது லேசில்லை, ஆதரவு கிடைக்குமா என்று இவர் துணிந்து பார்த்தார், அதைக் கொடுத்தேன் என்ற பொருளில் விளக்கமும் சொல்கிறார். தலைமைக்கு வரைவிலக்கணம் பின்தொடர்கிறவரின் வாயிலிருந்து வருகிறது.

இன்னொன்று. யார் முதலில் மாறுகிறார்கள் என்று வரிசையாக எழுதச் சொல்லுங்கள். முதியவர், சேரியில் வளர்ந்த 5ஆம் ஜூரர், வெளிநாட்டிலிருந்து குடியேறிய மணிக்கூடு திருத்துநரான 11ஆம் ஜூரர். அந்த அறையில் மதிப்புக் குறைந்தவர்கள்தான் முதலில் வருகிறார்கள். இது தற்செயல் இல்லை.

படத்தைக் கேள்வி கேட்கவும் பழக்குங்கள். 8ஆம் ஜூரர் தானே போய், கொலைக்குப் பாவித்ததாகச் சொல்லப்படுகிற கத்தி மாதிரியே ஒன்று வாங்கிக்கொண்டு வருகிறார், சட்டத்தை மீறினேன் என்று ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். ஜூரர் தனியாகச் சாட்சியம் தேடக்கூடாது. நல்லவர் மீறினால் பரவாயில்லை என்று படம் நினைக்கிறதா என்பதில் அரை மணித்தியாலம் விவாதம் ஓடும்.

சட்டகம் எழுதியது:

நல்ல முறை. நிரல்களோடு கமராக் கோணத்தையும் சேருங்கள். கீழிருந்து மேலே பார்த்தால் அதிகாரம், மேலிருந்து கீழே பார்த்தால் பலவீனம். தலைமையைப் பற்றிய படத்தில் இதுதான் முதலில் பார்க்கவேண்டியது.

மூன்றாம் வரிசை எழுதியது:

கோணத்தைக் குறிக்கட்டும், ஆனால் அந்தச் சூத்திரத்தை முதலே கொடுத்துவிடாதீர்கள். மேலே சொன்ன படமே அதற்கு ஒத்துவராது. இயக்குநர் சிட்னி லூமெட் திட்டம் போட்டே படத்தின் முதல் மூன்றிலொரு பங்கைக் கண் மட்டத்துக்கு மேலிருந்தும், நடுப் பங்கைக் கண் மட்டத்திலும், கடைசிப் பங்கைக் கீழிருந்தும் எடுத்தார். லென்ஸின் குவியத்தூரத்தையும் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனார். நோக்கம் அறையை இறுக்குவது. சுவர்கள் கிட்ட வருகின்றன, கடைசியில் கூரையும் சட்டகத்துக்குள் வந்துவிடுகிறது. கீழ்க்கோணத்தில் அப்போது தெரிவது எல்லோருடைய முகமும்தான், கத்திக் குளறுகிற 3ஆம் ஜூரருடையதும் சேர்த்து. கீழ்க்கோணம் என்றால் அதிகாரம் என்று மனப்பாடம் செய்த பிள்ளை, தோற்றுக்கொண்டிருக்கிற 3ஆம் ஜூரரைத் தலைவர் என்று எழுதிவிடும்.

கோணத்தைக் குறித்தால் பக்கத்தில் இரண்டு கேள்வி: இதே படத்தில் வேறு யாருக்கு இந்தக் கோணம் கிடைத்தது? முன்னைய காட்சியில் இதே ஆளுக்கு எந்தக் கோணம்? ஒப்பிடாமல் ஒரு ஷொட்டுக்குப் பொருள் சொல்லக்கூடாது.

நூலகப் படிக்கட்டு எழுதியது:

இரண்டாம் கிழமைக்கு அகிரா குரோசாவாவின் 'செவன் சாமுராய்' (1954). கொள்ளையரிடமிருந்து தங்களைக் காக்க ஒரு கிராமத்து விவசாயிகள் ஏழு சாமுராய்களை, அதாவது ஜப்பானியப் போர்வீரர்களை, அழைத்துவருகிற கதை. நீளம் 207 நிமிடம் என்பதால் ஒரு கிழமைக்கு முன்பே சொல்லி வையுங்கள், இரண்டு இரவாகப் பார்க்கட்டும். மேலே சொன்ன மூன்று காட்சிக்கும் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அறிமுகக் காட்சி: ஒரு திருடன் குழந்தையைப் பிடித்துவைத்துக்கொண்டு குடிசைக்குள் இருக்கிறான். சாமுராய்களுக்குத் தலைவராக வரப்போகிற கம்பேய் நீரோடையருகே குந்தியிருந்து தலையை மழிக்கக் கொடுக்கிறார். துறவி ஒருவரின் உடையை வாங்கிப் போட்டுக்கொள்கிறார், இரண்டு சோற்று உருண்டை கொண்டுவரச் சொல்கிறார். சாமுராய்க்குக் குடுமிதான் அந்தஸ்து. அதை ஊர் பார்த்திருக்கக் கழற்றிப் போடுகிறார், ஏனென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு உள்ளே பாய்கிறார். கமரா பின்னால் போகவில்லை, சனத்தோடு வெளியிலேயே நிற்கிறது. சற்று நேரத்தில் திருடன் வெளியே ஓடிவந்து மெதுவான அசைவில் விழுகிறான். வீரத்தைக் காட்டவேண்டிய இடத்தில் வீரச்செயலையே காட்டாமல் விட்டிருக்கிறார் இயக்குநர். நாம் கண்டது அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதையும், பார்த்தவர்களின் முகத்தையும்தான். மழித்த தலையை அவர் அடிக்கடி தடவிக்கொள்வதைப் படம் முழுக்கக் கவனிக்கச் சொல்லுங்கள்.

முடிவும் விலையும்: ஊரின் எல்லைக்கு வெளியே மூன்று வீடு, உள்ளே இருபது. இருபதைக் காக்க மூன்றைக் கைவிடவேண்டும் என்கிறார் கம்பேய். அந்த மூன்று வீட்டுக்காரர் ஈட்டியைப் போட்டுவிட்டு வரிசையிலிருந்து கழன்று போகிறார்கள். கம்பேய் வாளை உருவிக்கொண்டு ஓடிப்போய் அவர்களைத் திருப்பி வரிசைக்குத் துரத்துகிறார். அதுவரை அமைதியாகத் தெரிந்தவர் தன் பக்கத்து ஆட்கள் மீதே வாள் நீட்டுகிறார். இதைப் பார்த்த பிறகும் "அன்பான தலைவர்" என்று எழுத ஒரு பிள்ளைக்கும் கை வராது. அவர் செய்தது சரியா என்று கேட்டுவிட்டு, அந்த மூன்று வீட்டுக்காரரின் முகங்களைக் கமரா எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று எண்ண வையுங்கள்.

கோட்பாடு பற்றிக் கேட்டீர்கள். முதலே கொடுத்தால் பிள்ளைகள் படத்தைப் பெட்டிக்குள் போட்டு, "இவர் சனநாயகத் தலைவர்" என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இரண்டாம் கிழமை முடிவில் கொடுங்கள், அதுவும் கேள்வியாக. சமூகவியலாளர் மக்ஸ் வேபர் அதிகாரத்தை மூன்றாகப் பிரித்தார்: மரபால் வருவது, தனிமனித ஈர்ப்பால் வருவது, சட்டத்தாலும் பதவியாலும் வருவது. இதைக் கேள்வியாக்கினால், "இந்தக் காட்சியில் மற்றவர்கள் ஏன் கீழ்ப்படிகிறார்கள்?" உளவியலாளர் கேர்ட் லெவினும் கூட்டாளிகளும் 1939இல் வெளியிட்ட, சிறுவர் குழுக்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து இன்னொரு நல்ல கேள்வி கிடைக்கும். அதிகாரத் தோரணையில் நடத்தப்பட்ட குழுவில் தலைவர் அறையை விட்டுப் போனதும் வேலை விழுந்தது, கலந்து பேசி நடத்தப்பட்ட குழுவில் அதிகம் விழவில்லை. ஆகவே கேளுங்கள்: தலைவர் சட்டகத்தில் இல்லாத காட்சியில் என்ன நடக்கிறது?

இதே படத்தில் அதற்கும் இடம் உண்டு. ஏழு பேரில் ஒருவனான கிகுச்சியோ தன் காவலிடத்தை விட்டுப்போய் எதிரியின் துப்பாக்கி ஒன்றைப் பறித்துக்கொண்டு பெருமையோடு வருகிறான். கம்பேய் பாராட்டவில்லை, இடத்தை விட்டதற்கு ஏசுகிறார். அந்த வெளியால் கொள்ளையர் உள்ளே வந்துவிடுகிறார்கள். தனிவீரமும் தலைமையும் ஒன்றல்ல என்பதை வசனத்தில் சொல்லாமல் காட்டுகிற இடம்.

கொட்டாஞ்சேனை 13 எழுதியது:

இரண்டு கிழமையும் வெளிநாட்டுப் படத்தோடு போவதில் எனக்கு உடன்பாடில்லை. நடிகரைப் பற்றிய கதையாகிவிடும் என்ற பயத்தில் தமிழ்ப் படத்தைத் தள்ளி வைத்தால், பிள்ளைகள் கற்றதைத் தாங்கள் நாளும் பார்க்கிற படங்களுக்குப் பாவிக்கவே மாட்டார்கள். நம்முடைய படங்களில் தலைமையைக் கட்டுவதில் நட்சத்திரத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதை ஒதுக்காமல் அதையே ஒரு நிரலாக்குங்கள். ஏழாவது நிரல்: இந்த ஷொட் கதையிலுள்ள ஊராருக்காகவா, தியேட்டரில் இருக்கிற ரசிகருக்காகவா? முகத்தை மறைத்து முதலில் பாதத்தையும் கையையும் காட்டுகிற ஷொட், கதாபாத்திரத்துக்குத் தேவையில்லாத இடத்தில் எழும்புகிற இசை, கதைக்கு வெளியிலுள்ள ஒன்றைச் சுட்டுகிற வசனம், எல்லாம் ரசிகருக்கானவை. அவற்றுக்கு நிறப் பேனையால் அடையாளம் போட்டுவிட்டு, மீதியை மட்டும் வாசித்தால் என்ன தலைமை எஞ்சுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சில படத்தில் நிறைய எஞ்சும், சிலதில் ஒன்றும் இராது.

மூன்றாம் கிழமைக்கு 'தேவர் மகன்' (1992) எடுக்கலாம். பரதன் இயக்கம், கமல்ஹாசன் எழுத்து. தலைமை பரம்பரையாக வந்து ஒருவன் மேல் ஏறுகிற கதை. வேபரின் முதலாவது வகைக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. ஊர்த் தலைவரின் மகனான சக்தி ரயிலில் காதலியோடு நாகரிக உடையில் வந்து இறங்குகிறான். தந்தை இறந்த பிறகு மீசையும் வேட்டியுமாக நிற்கிறான். அந்த இரண்டு தோற்றத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, உடல் நிற்கிற விதத்திலிருந்து குரலின் அளவு வரை எது மாறியது, எது மாறவில்லை என்று எழுதச் சொல்லுங்கள்.

விலைக் காட்சிக்குக் கல்யாணத்தை எடுங்கள். ஊருக்குப் பாதை திறக்கக் காணி கொடுக்கும்படி சக்தி ஒருவரைச் சம்மதிக்க வைக்கிறான். அவருக்குத் தன் மகளின் பாதுகாப்பைப் பற்றிப் பயம். அதற்காகச் சக்தியே பார்த்துப் பேசிவைத்த மாப்பிள்ளை, சக்தியின் பகையாளியான பங்காளி மாயனுக்குப் பயந்து கல்யாணத்தன்று ஓடிவிட, சக்தியே தாலி கட்டுகிறான். பொறுப்பேற்ற தலைவன் என்று இதை எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த முடிவால் வாழ்க்கை புரண்டது மணமகள் பஞ்சவர்ணத்துக்கும் காதலி பானுவுக்கும். கல்யாணக் காட்சியில் எத்தனை ஷொட் சக்தியின் முகத்துக்கு, எத்தனை பஞ்சவர்ணத்தின் முகத்துக்கு? எண்ணினால் படம் யாருடைய வலியைத் தலைமையின் வலியாக எடுத்துக்கொள்கிறது என்று தெரியும்.

இந்தப் படம் சாதிப் பெருமையைத் தூக்கிப் பிடிக்கிறது என்ற கடுமையான விமர்சனமும் உண்டு. அதை மறைக்காதீர்கள். கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லி முடிகிற படம், அதற்கு முந்திய இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எதைக் கொண்டாடுகிறது என்பது நியாயமான கேள்வி. வகுப்பில் ஊரும் சாதியும் பல வகைப்பட்ட பிள்ளைகள் இருப்பார்கள். ஆகவே விவாதத்தை ஷொட்டோடு கட்டிவையுங்கள், ஆட்களோடு கட்டாதீர்கள்.

நான்காம் கிழமைக்குச் சிங்களப் படம் ஒன்று: தர்மசேன பத்திராஜவின் 'பம்பரு எவித்' (1978). 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை எடுத்த அதே இயக்குநர். கற்பிட்டிப் பக்கத்து மீனவக் கிராமத்துக்கு நகரத்து இளைஞர் வந்து இறங்க, அங்கே ஏற்கெனவே இருந்த பிடி ஆட்டம் காண்கிறது. பணம் வைத்திருப்பவரும் தலைவரும் ஒரே ஆளா என்ற கேள்வி மற்ற மூன்று படத்திலும் இவ்வளவு அழுத்தமாக வராது.

சட்டகம் எழுதியது:

கோணம் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஒப்பீடு இல்லாமல் கோணத்துக்குப் பொருள் இல்லைத்தான். தொழில்நுட்பப் பக்கம் சில விஷயம், இவற்றைக் கவனிக்காவிட்டால் வகுப்பு நேரம் வீணாகும்.

காட்சியை நிமிடக் கணக்கில் குறிக்காதீர்கள். படம் எடுத்தது நொடிக்கு 24 சட்டகம். நம் பக்கத்தில் புழங்கிய 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி முறை இறுவட்டுகளில் அது பெரும்பாலும் 25இல் ஓடும். அதனால் 96 நிமிடப் படம் ஏறத்தாழ 92 நிமிடத்தில் முடியும், 207 நிமிடப் படம் 199 அளவில் நிற்கும். ஒருவரிடம் இறுவட்டும் மற்றவரிடம் இணையப் பிரதியுமாக இருந்தால், படத்தின் கடைசிப் பகுதியில் காட்சி பல நிமிடம் தள்ளி வரும். "இரகசிய வாக்கெடுப்பு, தாள் விநியோகிப்பதிலிருந்து" என்று செயலால் குறியுங்கள். 'செவன் சாமுராய்' வெட்டிச் சுருக்கிய பிரதிகளாகவும் சுற்றுகிறது, ஆகவே மொத்த நீளத்தைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

விஎல்சி (VLC) என்ற படம் ஓட்டும் மென்பொருளில் ஈ (E) விசையை அழுத்தினால் ஒவ்வொரு சட்டகமாக நகரும், எம் (M) விசை சத்தத்தை நிறுத்தும். ஷொட் எண்ணும்போது வேகத்தைப் பாதியாக்குங்கள், எண்ணுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் இன்னொருவர் என்று இருவர் இருவராக விடுங்கள். முதல் தடவை வசன எழுத்தையும் நிறுத்திவிட வேண்டும். எழுத்து ஓடினால் கண் திரையின் அடியிலேயே நிற்கும், யார் யாரைப் பார்க்கிறார் என்று ஒருவரும் காணமாட்டார்.

கடற்கரை வீதி எழுதியது:

எல்லோருக்கும் மிகுந்த நன்றி. நான்கு படமும் இதே வரிசையில் எடுக்கிறோம். ஏழாவது நிரலை மூன்றாம் கிழமையில்தான் சேர்ப்பேன், முதலே போட்டால் தாள் நெருங்கிவிடும். கடைசியாக ஒன்று: எழுத்து வேலையை எப்படிக் கொடுப்பது, எப்படிப் புள்ளி போடுவது?

மூன்றாம் வரிசை எழுதியது:

ஒரு காட்சி மட்டும், 400 சொல். படத்தின் கதையை இரண்டு வரிக்கு மேல் சொன்னால் புள்ளி குறையும் என்று முதலே சொல்லிவிடுங்கள். பண்புச் சொல் எதுவும் கடைசிப் பந்திக்கு முன் வரக்கூடாது. ஒவ்வொரு கூற்றுக்கும் கீழே தாளிலுள்ள ஷொட் இலக்கம் இருக்கவேண்டும்.

20 புள்ளியில் 8 அவதானிப்புக்கு, 6 அதிலிருந்து முடிவுக்கு வந்த விதத்துக்கு, 4 விலை கொடுத்தவரைக் கவனித்ததற்கு, 2 மொழிக்கு. "கம்பேய் உறுதியான தலைவர்" என்ற வரிக்கு ஒன்றும் இல்லை. "கம்பேய் ஓடுகிறார், வரிசையில் நிற்கிற மற்றவர்கள் அசையவில்லை, வாள் எதிரி இருக்கிற பக்கம் இல்லாமல் ஊராரின் பக்கம் நீள்கிறது" என்று எழுதினால் அவதானிப்புக்கு மட்டும் 3 கொடுக்கலாம். முதல் கிழமை இப்படி ஒரு வரியை எல்லோரும் சேர்ந்து கரும்பலகையில் எழுதிப் பாருங்கள், வீட்டு வேலையை இரண்டாம் கிழமையிலிருந்து தொடங்குங்கள்.